பதினோராவது தடவை

வாங்க சார், உள்ள வாங்க. தலையக் குனிஞ்சுக்கங்க, வாசக்கால் தணிவு. பயப்படாதீங்க, இந்தக் கம்பிக்கதவு இப்பப் பூட்டாது. பூட்டைக் கழட்டி அக்கட்டால கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. உங்க சம்சாரமும் கொழந்தைகளும் முசாபரி பங்களாவுக்குப் போயிட்டாங்களா? போவட்டுங்க. எல்லாரும் மொதல்ல அங்கதான் போவாங்க. வெள்ளக்காரத் தொரை தங்குன எடம், பெரிய கட்டில், பீங்கான் தொட்டி எல்லாம் இருக்குது. ஆனா வெக்கை தாங்காது. இந்தப் பார்க்குலயே குளுகுளுன்னு இருக்கற கட்டடம் இதுதானுங்க. ரெண்டடிக் கனத்துக்குக் கருங்கல்லுச் செவுரு. கேள்விப்பட்டுச் சொல்லல, படுத்துப் பாத்துச் சொல்றேன்.

நானுங்க இந்த லாக்கப்புக்குள்ள பதினோரு தடவ இருந்திருக்கேன்.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்யறாங்க. இந்தா, அட்டையப் பாருங்க. ‘அங்கண்ணன், வழிகாட்டி, மேட்டுக்கடவு பாரம்பரியப் பூங்கா.’ போட்டோ எப்படி இருக்குது? கையில நம்பர் எழுதுன சிலேட்டு இல்லாம ஆபீசுக்காரங்க என்னை எடுத்த மொதப் போட்டோ இதுதானுங்க.

எதுக்குப் புடிச்சாங்கன்னு கேக்கறீங்களா? சைக்கிள் மட்டுந்தான் சார். கோழி, ஆடு, பித்தளைப் பாத்திரம், அதெல்லாம் நம்ம பழக்கத்துலயே கெடையாது. சைக்கிள்லயும் லேடீஸ் சைக்கிள் தொட மாட்டேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுது தொட மாட்டேன். தபால்காரருது தொடவே மாட்டேன், ஊரு லெட்டரெல்லாம் நின்னு போயிருமில்லீங்களா? ஒரு நல்ல சைக்கிளு, செயினுக்கு எண்ணெய் விடாம, மட்கார்டு எல்லாம் சேறா, வெயில்ல அனாதையா நிக்கறதப் பாத்தா எனக்கு மனசு கேக்காது. எடுத்துட்டுப் போயித் தொடச்சு, எண்ணெய் விட்டு, ரிம்முல கோட்டம் எடுத்து, பக்கத்து ஊர்ல நல்லா வெச்சுக்கற ஆளாப் பாத்துக் குடுத்துருவேன். அதுக்குப் பேரு திருட்டும்பாரு ஏட்டையா. சரி, அது அவரு வேலை.

ஏட்டையான்னா ஞானப்பிரகாசம் ஏட்டையா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு. மாத்தலாகி இந்த ஊருக்கு வந்தவரு, ரிட்டையராகியும் போவாம இங்கயே வூடு கட்டிட்டாரு. பதினோரு தடவயும் என்னைப் புடிச்சது அவருதான். மத்த போலீசுக்கு அந்தளவு ஓட்டம் பத்தாது. இந்தக் கட்டடத்துக்கு இன்னொரு வழிகாட்டியும் அவருதானுங்க. காலைல அவரு பேசுவாரு, மத்தியானத்துக்கு மேல நானு. நீங்க மத்தியானம் வந்தது உங்க அதிர்ஷ்டம்.

அதுல பத்துத் தடவ நியாயமாத்தான் புடிச்சாரு. எனக்கு வருத்தமே இல்லீங்க. பதினோராவது தடவதான் அநியாயம்.

அரிசி மில்லு வரதப்பன் தன்ற மருமகனுக்குக் கல்யாணத்துக்குப் புதுச் சைக்கிள் வாங்கிக் குடுத்தாரு. பச்சைக் கலரு, டைனமோ லைட்டு. கல்யாணம் முடிஞ்சு பத்தாம் நாளு, சந்தைக்கெழம, சைக்கிளக் காணோம். ஊருக்குள்ள சைக்கிள் காணோம்னா யாரு பேரு மொதல்ல வரும்? ஆனா அன்னிக்கு நான் எடுக்கலீங்க. சத்தியமா எடுக்கல. பாத்தேன். பெல்லை ஒருக்கா அடிச்சுப் பாத்தேன். அவ்வளவுதான். சந்தைல தக்காளி பொறுக்கிட்டு இருந்தவன ஏட்டையா பொடனியப் புடிச்சு இழுத்தாந்து இதுக்குள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டாரு. ‘நான் எடுக்கலீங்க, நான் எடுக்கலீங்க’ன்னு கத்தறேன். ‘ஏலே, பேசாமக் கெட’ங்கறாரு.

சித்த நேரத்துல வரதப்பனோட மில்லு ஆளுங்க ஏழெட்டுப் பேரு தடியோட வந்துட்டாங்க. ‘அவனை வெளிய வுடுங்க, நாங்க விசாரிச்சுக்கறோம்’னு ஒரே சத்தம். ஏட்டையா லத்திய எடுத்துட்டுப் போயி வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்கல. அப்பறம் எனக்குக் கம்பி வழியாப் புரோட்டா குடுத்தாரு. நான் தொடலீங்க. ரெண்டாம் நாளுதான் தொட்டேன். மூணாம் நாளு சைக்கிள் கெடச்சிருச்சு. அந்த மருமகன் பக்கத்து டவுனுக்குச் சினிமா பாக்கப் போனவன், ஸ்டாண்டுல வுட்டதையே மறந்துபோட்டு பஸ் ஏறி வந்திருக்கறான். ‘போலே’ன்னு கதவத் தொறந்து வுட்டாரு ஏட்டையா. தப்பாப் புடிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை இல்ல. இன்னொண்ணு கேளுங்க. பத்துத் தடவயும் நோட்டுல பேரு, அப்பன் பேரு, தேதி எல்லாம் எழுதி ரேகை வாங்குனவரு, இந்தத் தடவ எழுதக்கூட இல்ல. ஒரு மனுசனப் புடிச்சு மூணு நாளு வெச்சா எழுத வேண்டாமுங்களா? அந்த மரியாதைகூடவா கெடையாது?

அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்தாளு கையில இன்னொருக்கா சிக்கக் கூடாது, இந்தாளுக்கு இனி ஒரு சாக்குக் குடுக்கக் கூடாது. அந்த வீம்புலதான் சைக்கிள் எடுக்கறதயே வுட்டேன். திருந்தி வுட்டேன்னு நெனச்சுக்காதீங்க, வீம்பு. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ரிப்பேர்க் கடை போட்டேன். ஊருக்கே பங்ச்சர் ஒட்டுவேன், ஏட்டையா வண்டியத் தவிர. அவரும் வந்ததில்ல. காத்தடிக்கக்கூட என்ற கடையத் தாண்டி உருட்டிக்கிட்டே போவாரு, மீசையத் தடவிக்கிட்டு. இருபத்தெட்டு வருசமா ஒருத்தருக்கொருத்தர் ஒத்த வார்த்தை பேசுனதில்ல.

இப்படி இருக்கையில நாலுவழிச் சாலை வந்துச்சு. ஊருக்கு நடுவால கோடு போட்டாங்க. பங்களா, வாசகசாலை, தந்தி ஆபீசு, பருத்தி மண்டி எல்லாத்துக்கும் சிவப்பு மையில எக்ஸ் அடிச்சுட்டாங்க. ஊர்ப் பெரியவங்க கூடிப் பேசி, இடிக்கறதுக்குப் பதிலா ஒவ்வொரு கல்லாக் கழட்டி நம்பர் போட்டு, மூடிக் கெடந்த நூல் மில்லு எடத்துல மறுபடி அதே மாதிரி கட்டீரலாம்னு முடிவாச்சு. நீங்க நிக்கற எடம் அதுதான். இதுக்குன்னே கோயமுத்தூர்ல இருந்து சாருலதா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. பழைய கட்டடத்தப் பத்தியே படிச்சவங்க. செவுத்தத் தட்டிப் பாத்தே வயசு சொல்லுவாங்க.

நானும் கடையில உக்காந்து லிஸ்ட்டப் படிச்சேன். ஏழு கட்டடம். லாக்கப்பு இல்ல.

பூவாத்தா, அதாவது என்ற வூட்டுக்காரி, ‘நல்லதாப் போச்சு, இடிக்கட்டும், உங்களுக்கென்ன?’ன்னா. எனக்குச் சோறு எறங்கலீங்க. சின்ன வயசுல எனக்கு வூடு இல்ல சார். மழை பெஞ்சா ஒழுகாம நான் படுத்துத் தூங்குன மொதக் கட்டடம் இதுதான். அதை அவகிட்டச் சொல்லல. சட்டைய மாட்டிக்கிட்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிட்டேன்.

கமிட்டித் தலைவரு ரிட்டையர்டு தாசில்தாரு சிவசுப்பிரமணியம். வெள்ளை வேட்டி கசங்காத மனுசன். எந்திரிச்சு நின்னு கேட்டேன்.

“தலைவருங்களே, லாக்கப்பு லிஸ்ட்டுல இல்லீங்களே?”

“லாக்கப்பா? அது ரேசன் கடைக் குடோன்யா.”

“குடோனு இப்பத்தானுங்க. அதுக்கு முந்தி எம்பது வருசம் லாக்கப்பு.”

“நம்ம ஊருப் பெருமையக் காட்டறதுக்குப் பார்க்கு வெக்கறோம். அதுல லாக்கப்பக் கொண்டாந்து வெச்சு, நாங்கெல்லாம் திருட்டுப் பசங்கன்னு போர்டு மாட்டச் சொல்றியா?”

“பங்களாவுல தங்குனது வெளியூர்க்காரனுங்க. உள்ளூர்க்காரன் தங்குன சர்க்கார் கட்டடம் இது ஒண்ணுதானுங்க.”

கூட்டமே சிரிச்சுச்சு. ‘நீ யாருய்யா?’ன்னாரு. ‘பதினோரு தடவ தங்குனவனுங்க’ன்னேன். இன்னும் சிரிச்சுச்சு. சிரிக்காதது மேடம் மட்டுந்தான். பேனாவ எடுத்து, ‘உள்ள எப்படி இருக்கும், சொல்லுங்க’ன்னாங்க. என் வாழ்க்கைல அதிகாரி ஒருத்தரு என்னை ‘சொல்லுங்க’ன்னு கேட்டது அதுதான் மொதத் தடவ. மத்தவங்கெல்லாம் ‘சொல்லுடா’தான்.

அடுத்த நாளு மேடமும் நானும் குடோனுக்குப் போனோம். உள்ள அடையாளமே தெரியலீங்க. கம்பிச் செவுத்த எடுத்துட்டாங்க, எல்லாப் பக்கமும் சிமெண்ட்டப் பூசிட்டாங்க, சன்னலையும் காணோம். மேடம் சொன்னாங்க: “பழைய வரைபடம் எங்கேயும் கிடைக்கல. நீங்க ஒருத்தர் சொன்னா மட்டும் கமிட்டி ஏத்துக்காது. இன்னொருத்தரும் அதே மாதிரி சொன்னா, பூச்சைச் சுரண்டிப் பாக்க அனுமதி வாங்குவேன். பத்து நாள்தான் இருக்கு. அதுக்கப்புறம் இடிச்சிடுவாங்க. உள்ளே இருந்த வேற யாராவது உண்டா?”

“உள்ள இருந்தவங்கெல்லாம் போய்ச் சேந்துட்டாங்க மேடம்.”

“வெளியே இருந்தவங்க?”

நான் பேரு சொல்லல, மேடமே விசாரிச்சுக் கண்டுபுடிச்சுட்டாங்க. மூணாம் நாளு போறேன், குடோன் வாசல்ல மீசையோட நிக்கறாரு. அவரப் பாத்து நான் வேப்ப மரத்தப் பாத்தேன். என்னைப் பாத்து அவரு ரோட்டப் பாத்தாரு.

மேடம் கேட்டாங்க, சன்னல் எந்தப் பக்கம்னு.

“எடது கைப்பக்கம்மா. நான் ஒம்பது வருசம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்லா” அப்படீங்கறாரு.

“மேடம், அவருகிட்டச் சொல்லுங்க, சன்னல் வலது கைப்பக்கம். அது வழியா வர்ற வெளிச்சத்துலதான் நான் மணி பாப்பேன்”னேன்.

“அம்மா, அவன்ட்ட சொல்லுங்க, திருடன் சொல்லுததக் கேட்டு ஒரு கல்லையும் நவுத்த முடியாதுன்னு.”

“மேடம், அவருக்கு வயசாயிருச்சு, மறதி.”

ஒரு மணி நேரம் இதே ஒரியாட்டம். மேடம் எனக்கும் அவருக்கும் நடுவால நின்னு தலையத் தலையத் திருப்பி, கடைசியா ரெண்டு கையையும் தூக்கி, ‘போதும்’னாங்க. நேரா வந்து என்ற தோளப் புடிச்சாங்க. “நீங்க எங்க உக்காருவீங்களோ அங்க போய் உக்காருங்க.” நான் மூலைல, வாசலப் பாக்க, சம்மணம் போட்டு உக்காந்தேன். அரிசிச் சாக்குக்கு நடுவால. “நீங்க உங்க மேஜை இருந்த எடத்துல உக்காருங்க சார்.” அவரு எனக்கு எதுத்தாப்புல ஒரு சாக்கு மேல உக்காந்தாரு. “இப்ப ரெண்டு பேரும் கையை நீட்டுங்க.”

நான் வலது கைய நீட்டுனேன். அவரு எடது கைய நீட்டுனாரு.

ரெண்டு கையும் ஒரே செவுத்தக் காட்டுதுங்க!

மேடம் தரையில உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. அவரு வெளிய இருந்து பாத்தவரு, நான் உள்ள இருந்து பாத்தவன், வேற எப்படி இருக்கும்? எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஆனா நான் செவுத்தப் பாத்துத்தான் சிரிச்சேன். அவருக்கும் மீசை ஆடுச்சு.

கொத்தனாரு வந்து அந்தச் செவுத்துல பூச்சை உரிச்சாரு. உள்ள செங்கல்லு வெச்சு அடைச்ச சன்னலு, நாலு கம்பியோட அப்படியே இருந்துச்சு. தாசில்தாரு வந்து பாத்தாரு, மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, ‘சரி, ஒரு ஓரமா வெச்சுக்கங்க’ன்னுட்டாரு. அதுக்கப்பறம் ஒரு மாசம் கழட்டற வேலை. ஒவ்வொரு கல்லுக்கும் முதுகுல மஞ்சப் பெயிண்ட்டுல நம்பரு. அறுநூத்திப் பன்னெண்டு கல்லு, டிராக்டர்ல ஏத்தி இங்க கொண்டாந்து அடுக்குனாங்க. நான் கடையச் சாத்திப்போட்டு தெனமும் வந்துருவேன். அவரும் குடையோட வந்துருவாரு. ‘மேடம், அந்தக் கல்லு கோணையா நிக்குதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க.’ ‘அம்மா, அவன் கண்ணுதான் கோணைன்னு சொல்லுங்க.’ மேடம் பாவம். அந்த ஒரு மாசத்துல அவங்களுக்குத் திருநெல்வேலிப் பேச்சும் கொங்குப் பேச்சும் ரெண்டும் வந்துருச்சு.

தொறப்பு விழா அன்னிக்கு நீங்க பாத்திருக்கணும். தாசில்தாரு மைக்கப் புடிச்சு, லாக்கப்பு வேணும்னு மொதல்ல இருந்தே தான்தான் அடம் புடிச்சதாச் சொல்லிப்போட்டாரு. சொல்லட்டுங்க. ஜனம் பங்களாவுல பத்து நிமிசம், வாசகசாலைல அஞ்சு நிமிசம். இங்கதான் வரிசை கட்டி நின்னுச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டுப் போட்டோ எடுக்காத ஆளே இல்ல. தாசில்தாரோட சம்பந்தியம்மாகூட ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க.

ஆனா அதுக்கு நாலு நாளு முந்தி நடந்தத உங்ககிட்டச் சொல்லணும்.

வாசல்ல மாட்டறதுக்கு மேடம் ஒரு போர்டு எழுதியிருந்தாங்க. இங்கே அதிக முறை அடைக்கப்பட்டவர் திரு. அங்கண்ணன், பதினோரு முறைன்னு. ‘திரு’ போட்டுத்தானுங்க. பெயிண்ட்டரக் கூப்புடறதுக்கு முந்தி, புது ஸ்டேசன்ல இருந்து பழைய நோட்ட வாங்கிச் சரி பாத்திருக்காங்க. என்னைக் கூப்பிட்டு, “நோட்டுல பத்துதான் இருக்கு”ன்னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். “எப்படி இருக்கும்? எழுதுனாத்தான இருக்கும்? அவரையே கேளுங்க மேடம்! செய்யாத தப்புக்கு மூணு நாளு வெச்சாரா இல்லியா, கேளுங்க!”

ஏட்டையா அந்தா, அந்தப் படிக்கல்லுல உக்காந்திருந்தாரு. குடைய மடிச்சு வெச்சாரு. என்னைப் பாக்கல. மேடத்தப் பாத்துத்தான் பேசுனாரு.

“வெச்சேம்மா. அவன் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். இவன் எடுத்திருந்தா அன்னைக்கே பக்கத்து ஊருக்குப் போயிருப்பான், சந்தையில நின்னு தக்காளி வாங்கிக்கிட்டு இருக்க மாட்டான். ஆனா அந்த மில்லுக்காரனுவ தடியோட தேடிக்கிட்டு அலையுதானுவ. அவனுவ கையில இவன் சிக்கியிருந்தா கால் ஒடஞ்சிருக்கும், இல்ல உசுரே போயிருக்கும். வேற எங்கம்மா வெக்க? இந்த ஊர்ல ரெண்டடிச் செவுரு இது ஒண்ணுதான். நோட்டுல எழுதினா அது கேசாயிரும்லா? செய்யாத தப்பை அவன் பேர்ல எப்படி எழுதுவேன்?”

மேடம் என்னைப் பாக்கறாங்க. நான் அவரப் பாத்தேன். நேரா, அவர் மூஞ்சியப் பாத்தேன்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க ஏட்டையா?”

இருபத்தெட்டு வருசத்துல மொத வார்த்தை அதுதானுங்க.

அவரும் என்னைப் பாத்துட்டாரு. “சொல்லியிருந்தா நீ உள்ள இருந்திருப்பியாலே? ‘நான் எடுக்கல, எவன் வரான் பாப்போம்’னு வெளிய போய் வாய் பேசியிருப்ப.”

“அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாம்.”

“நீ மூஞ்சியக் குடுத்தாத்தானலே சொல்லுததுக்கு? எத்தன நாளு உன் கடை வழியாச் சைக்கிள உருட்டிக்கிட்டு வந்தேன். டயர்ல காத்து நல்லாத்தான் இருந்துச்சு. நீ ஒரு தடவையாவது என்னன்னு கேட்டியா?”

மேடம் எந்திரிச்சு, ஏதோ போன் வந்த மாதிரி அக்கட்டால போயிட்டாங்க. போனு அடிக்கவே இல்ல. நான் போயி அவரு பக்கத்துல படியில உக்காந்தேன். ‘டீ குடிக்கறீங்களா?’ன்னேன். ‘சீனி போடாம’ன்னாரு. வாங்கியாந்தேன். இன்னிக்கு வரைக்கும் நான் ஒத்துக்கல சார், அதையும் சொல்லிப்போடறேன். காப்பாத்தறதா இருந்தா அவரு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். மூணு நாளு கட்டில்ல படுத்திருப்பேன். இதைத் தெனமும் அவருகிட்டச் சொல்றேன். ‘உன்னைய வீட்டுல வச்சா என் சைக்கிளுக்கு யாருலே பொறுப்பு?’ங்கறாரு.

அன்னிக்கு வூட்டுக்குப் போயி பூவாத்தாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவ பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு, “எனக்கு அன்னிக்கே தெரியும்”ங்கறா.

“என்ன தெரியும்?”

“அவருதான் அன்னிக்கு ஆள் வுட்டுச் சொன்னாரு, ‘பயப்படாதம்மா, உள்ள பத்திரமா இருக்கான்’னு. மூணு நாளுப் புரோட்டாவும் அவரு கைக்காசு.”

“அடிப்பாவி! இருபத்தெட்டு வருசமா என்கிட்ட ஏன் சொல்லல?”

“அவர் மேல இருந்த கோவத்துலதான சைக்கிள் எடுக்கறத வுட்டீங்க? கோவம் போயிருச்சுன்னா? நான் எதுக்கு வாயத் தொறக்கறேன்?”

“இப்ப மட்டும் சொல்ற?”

“இப்பத்தான் பார்க்குல தெனமும் அவரு பக்கத்துலயே உக்காரப் போறீங்களே.”

பாத்தீங்களா சார்? ஏட்டையாவும் அவளும் சேந்துக்கிட்டு, எனக்கே தெரியாம, என்னை இருபத்தெட்டு வருசம் யோக்கியனா வெச்சிருந்திருக்கறாங்க. இதுக்கு எந்த ஸ்டேசன்ல போயிக் கம்ப்ளெயிண்ட்டு குடுக்கறது, நீங்களே சொல்லுங்க.